அரை அங்குலக் குழாயின் வரலாறு

வரலாறு என்றதும் நம்மிற் பலருக்கு முடிமன்னரும் படையெடுப்புகளும் உடன்படிக்கைகளுமே நினைவுக்கு வருவன. கலைப் பட்டதாரியாகி, ஆசிரியனாகிப் பின் அதிபராகிய நானும் அவற்றைக் கற்பிப்பதிலேயே வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்தவன். அத்தகைய எனக்கு வேறொரு வரலாற்றைக் கற்பித்தது ஒரு சிறு பித்தளைத் துண்டு. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எமது பாடசாலையின் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்தபோது, மாணவர் விடுதிச் சமையற்கூடத்துக்கென்று பெரிய வாயு அடுப்பொன்றைக் கொண்டுவந்து தந்தார். வார்ப்பிரும்பினாலான தலையும் உறுதியான மூன்று கால்களும் உடைய அடுப்பு அது. எத்தகைய அண்டாவையும் தாங்கும். “ஐயா, அங்கே நான் இந்த அடுப்பிலே என்ன காய்ச்சுகிறேன் என்று தெரியுமோ?” என்று கேட்டுவிட்டு, சற்றே நாணத்தோடு சிரித்தார். வீட்டிலேயே பியர் காய்ச்சுதல் அங்கே பலருடைய ஓய்வுநேரத் தொழில் என்பதையும், அதற்கென்றே இத்தகைய அடுப்புகள் விற்கப்படுகின்றன என்பதையும் அன்றுதான் அறிந்தேன். எமது பிள்ளைகளுக்கு அதிலே பொங்கல் பொங்கலாம் என்று கூறி, அன்புடன் ஏற்றுக்கொண்டேன்.

அடுப்பை இணைப்பதற்குக் குழாய் வேலையில் முதிர்ந்த பெரியவர் ஒருவரை அழைத்தோம். விடுதியின் வாயுச் சிலிண்டர்கள் வெளியே ஒரு கொட்டிலில் இருக்கும். அங்கிருந்து இரும்புக் குழாய் வழியாக வாயு உள்ளே வரும். அக்குழாயின் முனையில் இருந்தது அரை அங்குலச் சொக்கற்று. அடுப்பின் முனையில் இருந்ததும் அரை அங்குலப் புரியே. பெரியவர் கையினாலேயே திருகினார். சில சுற்று இலகுவாக ஏறிற்று, பின்னர் இறுகிற்று. பொருந்திவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். அவரோ தலையை அசைத்தார்.

“ஏறும் ஐயா, ஆனால் நம்பேலாது,” என்றார். பின் அதனைக் கழற்றி, புரியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது அமெரிக்கப் புரி. எங்கடை குழாய் இங்கிலீசுப் புரி,” என்று சொல்லி, அடுப்பை ஒரு மூலையில் வைத்துவிட்டார்.

அரை அங்குலம் என்பது எங்கும் அரை அங்குலந்தானே? ஒரே பெயருடைய இரு பொருள்கள் ஏன் ஒன்றோடொன்று பொருந்தவில்லை? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோதுதான், இருநூறு ஆண்டு வரலாறு ஒரு குழாயின் முனையிலே சுற்றிக் கிடப்பதைக் கண்டேன்.

முதலில், அந்த அடுப்பு பிறந்த சூழலைச் சிறிது விளக்குதல் வேண்டும். பியர் காய்ச்சுவோர் வாற்கோதுமையை முளைக்கவைத்து உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊறவிட்டு, அதிலிருந்து இனிய சாற்றை வடித்தெடுப்பர். அச்சாற்றில் ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்களை இட்டு, ஏறத்தாழ ஒரு மணிநேரம் நன்றாகக் கொதிக்கவைப்பர். பின்னர் ஆறவிட்டு, மதுவம் சேர்த்து நொதிக்கவிடுவர். அமெரிக்க வீடுகளில் ஒருமுறை காய்ச்சும் வழக்கமான அளவு 5 கலன், அதாவது ஏறத்தாழ 19 லீற்றர். இவ்வளவு சாற்றைத் தளதளவென்று கொதிக்கவைக்க வீட்டுச் சமையலடுப்பு போதாது. ஆகவேதான் முற்றத்திலே வைத்து எரிக்கும் பெரிய வாயு அடுப்பு வேண்டப்பட்டது.

இத்தொழிலுக்கும் சட்டத்துக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. பிரித்தானியாவில் 1880ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், வீட்டிற் பியர் காய்ச்சுவோரும் உரிமம் பெறவேண்டியிருந்தது. 1963ஆம் ஆண்டிலே, நிதி அமைச்சராயிருந்த றெஜினோல்ட் மோட்லிங் அவ்வுரிமத்தை நீக்கினார். ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியது. அது நீங்கியபின்னும், வீட்டிற் பியர் காய்ச்சும் உரிமை உடனே கிடைக்கவில்லை. ஜனாதிபதி காட்டர் 1978ஆம் ஆண்டிற் கையொப்பமிட்டு, 1979ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டமே, வயதுவந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கலன் வரை வரியின்றிக் காய்ச்ச நடுவண் அரசின் தடையை நீக்கிற்று. நமது நாட்டிலோ உரிமமின்றி மது ஆக்குதல் இன்றும் குற்றமாகும். ஆகையால் காய்ச்சும் பண்டத்தை விடுத்து, காய்ச்சும் அடுப்பின் இணைப்பைப் பற்றியே பேசுவேன்.

வீட்டிற் காய்ச்சுவோர் பெரும்பாலும் தம் அடுப்பைத் தாமே இணைப்பவர்கள். அவர்களுக்குப் பக்கத்திலே பொறியியலாளர் நிற்பதில்லை. கடையிலே ஒரு தட்டில் நூறு வகைப் பித்தளைப் பொருத்திகள் கிடக்கும்; அவற்றுட் சரியானதைத் தேர்ந்தெடுப்பது அவர்களது பொறுப்பு. எது சரி, எது பிழை என்பதை விளங்கிக்கொள்ள வாயு விளக்கின் காலத்துக்குச் செல்லவேண்டும்.

நிலக்கரியை மூடிய கலத்திலிட்டுச் சூடாக்கினால் எரியக்கூடிய வாயு வெளிப்படும். அவ்வாயுவைக் குழாய் வழியே செலுத்தி, 1792ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியிலுள்ள றெட்றூத் என்னும் ஊரிலே தம் வீட்டுக்கு ஒளியேற்றியவர் வில்லியம் மேர்டொக். நீராவி எஞ்சினாற் புகழ்பெற்ற ஜேம்ஸ் உவாற்றின் நிறுவனத்திலே பணியாற்றியவர் இவர். 1807ஆம் ஆண்டிலே, பிரெடெரிக் வின்சர் என்னும் ஜேர்மானியர் இலண்டனின் பெல்மெல் வீதியை வாயு விளக்கினால் ஒளிரச்செய்தார். 1812ஆம் ஆண்டிலே இலண்டனில் வாயுக் கம்பனி அரச பட்டயம் பெற்றது.

விளக்கு வந்தது, குழாய்க்கு எங்கே போவது? நீண்ட, துளை சீரான, வலிய இரும்புக் குழல் அக்காலத்தில் ஒரு பொருளுக்கே பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. அது துப்பாக்கி. நெப்போலியனோடு நடந்த போர்கள் 1815ஆம் ஆண்டில் ஓய்ந்தபின், தேவையற்றுப்போன துப்பாக்கிக் குழல்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை ஒன்றின் முனையில் ஒன்றாகத் திருகி இணைத்து வாயுவைக் கொண்டுசென்றனர். ஆங்கில நாட்டுக் குழாய் வேலைக்காரர் வாயுக் குழாயைத் துப்பாக்கிக் குழலைக் குறிக்கும் ‘பரல்’ என்ற சொல்லாலேயே நெடுங்காலம் அழைத்துவந்தனர். போருக்கெனச் செய்த இரும்பு, வீட்டுக்கு விளக்கேற்றப் பயன்பட்டதை வரலாற்றின் இனிய திருப்பங்களுள் ஒன்றென்பேன்.

1825ஆம் ஆண்டிலே கோர்னீலியஸ் வைற்ஹவுஸ் என்பவர், பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தகட்டைப் புனல்போன்ற அச்சினூடே இழுத்து, விளிம்புகளை ஒட்டவைத்துக் குழாய் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் குழாய் மலிந்தது. குழாயின் அளவைக் குறிக்க உட்துளையின் விட்டத்தைப் பெயராக இட்டனர். துளை அரை அங்குலமானால் அது அரை அங்குலக் குழாய். ஆனால் புரி வெட்டப்படுவது குழாயின் வெளிப்புறத்திலே. வெளிப்புற அளவை மாற்றினால் பழைய பொருத்திகள் யாவும் வீணாகிவிடும். பின்னாளில் உருக்கு வலிமை பெற, குழாயின் சுவரை மெல்லியதாக்க முடிந்தது. வெளியளவு மாறாதிருக்க, உட்துளை பெருத்தது. அதன் விளைவு விந்தையானது. இன்று அரை அங்குலக் குழாய் ஒன்றை எடுத்து அளந்து பாருங்கள். வெளி விட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீற்றர். உட்துளை ஏறத்தாழ 16 மில்லிமீற்றர். அரை அங்குலமோ 12.7 மில்லிமீற்றர். அரை அங்குலக் குழாயிலே அரை அங்குலம் எவ்விடத்தும் இல்லை! பெயர் மட்டும் நிலைத்திருக்கின்றது.

இனிப் புரிக்கு வருவோம். திருகாணியின் மேல் சுற்றிச் சுற்றி ஏறும் வரம்பே புரி. அதற்கு மூன்று இலக்கணங்கள் உண்டு: விட்டம் எவ்வளவு, ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புரி, அப்புரியின் இரு சரிவுகளுக்கும் இடையே உள்ள கோணம் எத்தனை பாகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்மூன்றையும் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பம்போல் வைத்துக்கொண்டது. ஓர் ஊரில் செய்த திருகாணிக்கு மற்றோர் ஊரில் செய்த சுரை, அதாவது நட், ஏறாது. ஓர் ஆணி உடைந்தால் அதனைச் செய்த பட்டறையையே தேடிச் செல்லவேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்ட முனைந்தவர் ஜோசப் விற்வேர்த். இலண்டனில் ஹென்றி மோட்சிலி என்னும் பெருங் கம்மியரிடம் தொழில் பயின்று, 1833ஆம் ஆண்டில் மான்செஸ்ரரில் தமக்கெனப் பட்டறை அமைத்தவர் அவர். நாட்டின் பல பட்டறைகளிலிருந்து திருகாணிகளைத் திரட்டி அளந்தார். அவற்றின் சராசரியைக் கண்டார். அதனையே பொதுவிதியாக வகுத்து, 1841ஆம் ஆண்டிலே இலண்டன் குடிசார் பொறியியலாளர் கழகத்தின் முன் கட்டுரையாக வைத்தார். புரியின் கோணம் 55 பாகை. முகடும் பள்ளமும் வட்டமாக உருட்டப்பட்டிருத்தல் வேண்டும். இதுவே அவர் விதி. தம் பட்டறையின் அளவே சிறந்தது என்று அவர் வாதாடவில்லை. எல்லாருடைய அளவுக்கும் நடுவான ஒன்றைத் தேர்ந்தமையால், அதனை ஏற்பது எல்லார்க்கும் இலகுவாயிற்று. 1850களிலே கிரிமியப் போர்க்காலத்தில் பீரங்கிப் படகுகளுக்கு எஞ்சின் செய்யவேண்டியபோது, வெவ்வேறு பட்டறைகளில் பகுதி பகுதியாகச் செய்து ஒன்றாய்ப் பூட்ட முடிந்தது இப்பொதுவிதியின் பயனாகும்.

ஆங்கிலேயர் ஆட்சி பரவிய இடமெங்கும் இக்குழாயும் இப்புரியும் பரவின. கொழும்பு நகரின் வீதிகளிலும் ஒருகாலத்தில் வாயு விளக்குகள் எரிந்தன. புறக்கோட்டையிலுள்ள காஸ் வேர்க்ஸ் வீதி என்னும் பெயர் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் முனையிற் காணும் புரி விற்வேர்த்தின் வழிவந்ததே. 1901ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் பொறியியல் நியமக் குழு அமைக்கப்பட்டபின், குழாய்ப் புரியும் நாட்டு நியமமாக வரையறுக்கப்பட்டது. அதற்கு மேலும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மீற்றர் அளவையை ஏற்றுக்கொண்ட ஐரோப்பிய நாடுகளும் குழாய்ப் புரியில் மட்டும் விற்வேர்த்தின் 55 பாகையையே கைக்கொண்டன. இன்று அது சருவதேச நியமமாகவும் விளங்குகின்றது.

அத்திலாந்திக் மாகடலுக்கு அப்பால் நிகழ்ந்ததோ வேறு. 1864ஆம் ஆண்டிலே, பிலடெல்பியா நகரின் பிராங்கிளின் நிறுவகத்தின் முன் வில்லியம் செலர்ஸ் என்பவர் மற்றொரு புரியை முன்வைத்தார். விற்வேர்த்தின் 55 பாகையை அளப்பது கடினம். வட்டமான முகட்டை உருட்டுவதற்குத் தனிக் கருவிகளும் தேர்ந்த கம்மியரும் வேண்டும். 60 பாகையோ சமபக்க முக்கோணத்தின் கோணம். முகட்டைத் தட்டையாக விட்டால் சாதாரணத் தொழிலாளியும் பிழையின்றி வெட்டலாம். இதுவே செலர்சின் வாதம். திறமை மிக்க கம்மியர் குறைவாகவும் வேலை மிகுதியாகவும் இருந்த நாட்டுக்கு அது பொருத்தமான வாதமே.

அதே பிலடெல்பியாவில் இரும்புக் குழாய் ஆலையொன்றை நடத்திவந்த றொபேட் பிறிக்ஸ் என்பவர், 1860களிலே 60 பாகைக் கோணத்தைக் கொண்டு குழாய்க்குரிய புரியை வகுத்தார். குழாயின் முனை சிறிதே கூம்பியிருக்கவேண்டும். 16 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலம் விட்டம் பெருக்கவேண்டும். திருகத் திருக இறுகி அடைபடுவதற்கே இந்தக் கூம்பல். பிறிக்ஸ் 1882ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் வகுத்த அளவுகளை அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கமும் ஆலைக்காரரும் 1886ஆம் ஆண்டிலே பொது நியமமாக ஏற்றனர். பழைய மாணவரின் அடுப்பிலே இருந்தது இந்தப் பிறிக்ஸ் புரியே.

இரு நாட்டாரும் நல்ல நோக்கத்தோடு, தக்க காரணத்தோடு இரு விதிகளை வகுத்தனர். ஆயினும் இரண்டும் சந்திக்கும் இடத்திலே ஆபத்துப் பிறந்தது. எவ்வாறெனின், கால் அங்குலக் குழாயில் பிரித்தானியப் புரி அங்குலத்துக்கு 19. அமெரிக்கப் புரி 18. ஓர் அங்குலக் குழாயில் முன்னது 11, பின்னது பதினொன்றரை. இவற்றைத் திருகிப் பார்ப்போர்க்கு வேறுபாடு விரைவிலே கைக்குத் தெரிந்துவிடும். ஆனால் அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரியே! கூம்பலும் இரண்டுக்கும் பதினாறுக்கு ஒன்றே. விட்டத்தில் அரை மில்லிமீற்றருக்கும் குறைவான வேறுபாடு. கோணத்தில் 5 பாகை வேறுபாடு. ஆகவே ஒன்று மற்றொன்றில் ஏறுகின்றது, இறுகவும் செய்கின்றது. ஆயினும் ஒன்றின் முகடு மற்றதன் பள்ளத்தில் படிந்து உட்காருவதில்லை. சங்கின் உட்சுழல்போல் ஒரு மெல்லிய இடைவெளி சுற்றிச் சுற்றி வெளியே வந்துவிடும்.

தண்ணீர்க் குழாயில் இப்பிழை நேர்ந்தால், சொட்டும் துளி உடனே காட்டிக்கொடுக்கும். வாயுக் குழாயிலோ கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எனவேதான் அறவே பொருந்தாததைவிடப் பொருந்தியதுபோல் தோன்றுவது கொடியது. வரலாற்றிலிருந்து இரு நிகழ்ச்சிகளை இதற்குச் சான்றாகக் காட்டலாம்.

1904ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 7ஆம் திகதி, அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரிலே பெருந்தீ மூண்டது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயோர்க் ஆகிய நகரங்களிலிருந்து தீயணைப்புப் படையினர் புகைவண்டியில் விரைந்து வந்தனர். வந்தும், அவர்களுட் பலருடைய நீர்க்குழாய் முனைகள் போல்ற்றிமோர் நகரின் நீர்வாய்களிற் பொருந்தவில்லை. ஏறத்தாழ முப்பது மணிநேரம் எரிந்த தீயிலே 1,500க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பின்னர் ஆராய்ந்தபோது, அந்நாட்டில் 600க்கு மேற்பட்ட வகையான தீயணைப்புக் குழாய்ப் பொருத்திகள் வழக்கிலிருந்தமை தெரியவந்தது. இது அறவே பொருந்தாமையால் விளைந்த கேடு. எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்த கேடு.

மற்றையது கண்ணுக்குத் தெரியாத கேடு. ஒரு பாடசாலையின் பொறுப்பிலிருக்கும் நான் அதனை மனம் நடுங்காமற் சொல்ல இயலாது. 1937ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் திகதி, ரெக்சாஸ் மாநிலத்தின் நியூ இலண்டன் என்னும் ஊரிலே, வகுப்பறைகளைச் சூடாக்கும் வாயு இணைப்பிலிருந்து கசிந்து, கட்டடத்தின் கீழேயுள்ள வெற்றிடத்தில் நிறைந்திருந்தது. செலவைக் குறைப்பதற்காக அயலிலுள்ள எண்ணெய் வயல் குழாயிலிருந்து பெற்ற வாயு அது, மணமற்றது. எனவே ஒருவரும் அறியவில்லை. தொழிற்பயிற்சிக் கூடத்தில் மின்கருவி ஒன்றை முடுக்கியபோது எழுந்த பொறியால் பாடசாலை முழுவதும் வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலார் பிள்ளைகள். இன்று நாம் சமையல் வாயுவில் முகரும் துர்நாற்றம் வாயுவினுடையது அன்று. கசிவை அறிவதற்கென்று வேண்டுமென்றே கலக்கப்படும் கந்தகச் சேர்வையினுடையது. ரெக்சாஸ் மாநிலம் அதனைக் கட்டாயமாக்கியது அப்பிள்ளைகளின் இறப்புக்குப் பின்னரேயாகும். அந்த நாற்றத்தை அருவருக்கும் போதெல்லாம், அது என்ன விலை கொடுத்து வாங்கப்பட்டது என்பதை நினைத்துக்கொள்ளவேண்டும்.

இனி, அடுப்புக்கே வருவோம். வாயுவோடு காற்றை முன்னரே கலந்து எரித்தால் புகையற்ற, வெப்பம் மிக்க நீலச் சுடர் கிடைக்கும். 1855ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகத்திலே, றொபேட் புன்சன் என்னும் இரசாயன அறிஞருக்காகப் பீற்றர் டெசாகா என்னும் கருவியாளர் செய்த சுடரடுப்பு இத்தத்துவத்தின்மேல் அமைந்தது. பாடசாலை ஆய்வுகூடத்தில் இருப்பதும் வீட்டுச் சமையலறையில் இருப்பதும் பியர் காய்ச்சுவோர் முற்றத்தில் இருப்பதும் அதன் வழித்தோன்றல்களே. ஊசித்துளையிலிருந்து வாயு பாய்ந்து வரும்போது, பக்கத்திலுள்ள காற்றையும் தன்னோடு இழுத்துச் செல்லும். அத்துளையின் அளவும் வாயுவின் அமுக்கமும் ஒன்றுக்கொன்று ஏற்றவையாக இருத்தல் வேண்டும்.

நிலக்கரி வாயு நகரத்துக் குழாயோடு கட்டுண்டது. அதனை அவிழ்த்துவிட்டது புரோப்பேன். 1910ஆம் ஆண்டிலே, அமெரிக்கச் சுரங்கத் திணைக்களத்தைச் சேர்ந்த வோல்ரர் சினெலிங், பெற்றோலிலிருந்து ஆவியாகி வீணாகும் வாயுக்களை ஆராய்ந்து, புரோப்பேனைப் பிரித்தறிந்தார். அமுக்கினால் திரவமாகிச் சிலிண்டரில் அடங்கும் வாயு அது. காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமுடையது. கசிந்தால் மேலெழுந்து கலையாது. நிலத்திற் படிந்து, தாழ்ந்த இடத்திற் குளம்போல் தேங்கி நிற்கும்.

அமெரிக்க முற்றத்திலே அடுப்பை இணைப்பவர் சிலிண்டரிலிருந்து தொடங்குவர். அங்கே பழைய வழக்கிலுள்ள சிலிண்டர் வாயின் புரி இடப்பக்கமாகச் சுழல்வது. எரியும் வாயுவுக்கு இடப்புரி. ஒட்சிசன் போன்றவற்றுக்கு வலப்புரி. ஒன்றின் குழாயை மறதியால் மற்றதில் மாட்டிவிடாதபடி கையே தடுக்கும் ஏற்பாடு இது. சங்கிலே வலம்புரி அரிது; திருகிலே இடம்புரி அரிது. அரியதனை அபாயத்தின் அடையாளமாக வைத்தனர்.

சிலிண்டரை அடுத்து வருவது அமுக்கச் சீராக்கி. நாம் ரெகுலேற்றர் என்பது அதனையே. வீட்டுச் சமையலடுப்புக்கு அமெரிக்காவில் 11 அங்குல நீர்நிரல் அளவான அமுக்கமே போதும். பியர் காய்ச்சும் அடுப்புகளிற் பலவோ சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் வரை, அதாவது ஏறத்தாழ 25 மடங்கு அமுக்கத்தில் இயங்குவன. சமையலடுப்பின் இறப்பர்க் குழாயையும் கவ்வியையும் அங்கே பயன்படுத்துதல் பெரும் பிழை. அதற்கென வலுவூட்டிய குழாய் வேண்டும். அக்குழாயின் முனை பெரும்பாலும் நாதசுரத்தின் அணைசுபோல் விரியும் இணைப்பாக இருக்கும். 45 பாகையில் விரிந்த உலோக முகம் அதேபோன்ற கூம்பில் அழுந்தி அடைபடுவதால், அவ்விடத்தில் வெள்ளை நாடா சுற்றுதல் ஆகாது. சுற்றினால் உலோகம் உலோகத்தோடு படிவது கெடும். கூம்பிய குழாய்ப் புரிக்கோ வாயுவுக்கென்று செய்த பசையோ நாடாவோ வேண்டும். அப்பசையும் நாடாவும் சரியான புரிக்குத் துணைசெய்வன. பிழையான புரியைச் சரியாக்குவன அல்ல. குழாய் வேலையில் நேரும் பிழைகளிற் பல இதனை மறப்பதால் நேர்வனவே.

2021ஆம் ஆண்டின் இறுதியில் நமது நாட்டிலே வீட்டுச் சமையல் வாயு தொடர்பான வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தமை உங்களுக்கு நினைவிருக்கும். சிலிண்டரிலுள்ள வாயுக் கலவையில் புரோப்பேனின் பங்கு கூடியமை அப்போது பெரிதும் பேசப்பட்டது. புரோப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். நேற்றுவரை எப்படியோ தாக்குப்பிடித்த தளர்ந்த இணைப்பு, அமுக்கம் கூடிய நாளிலே தோற்றுவிடும். ‘இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கவில்லையே’ என்ற ஆறுதல் எத்துணைப் பொய்யானது என்பதை அந்நாட்கள் காட்டின.

எமது அடுப்பின் கதையை முடித்துவிடுகிறேன். பெரியவர் சொன்னபடி, கொழும்பிலிருந்து சிறு பித்தளைத் துண்டொன்றை வருவித்தோம். அதன் ஒரு முனையிலே 55 பாகைப் புரி. மறுமுனையிலே 60 பாகைப் புரி. விற்வேர்த்தும் செலர்சும் பிறிக்சும் உயிரோடிருந்தபோது ஒத்துவராத இரண்டு மரபுகள், விரல் நீளமான அத்துண்டிலே அருகருகே அமர்ந்திருந்தன. அடுப்பின் ஊசித்துளையையும் எமது வாயுவின் அமுக்கத்துக்கேற்ப மாற்றுவித்தோம். பெரியவர் எல்லாவற்றையும் பூட்டியபின், ஒரு கிண்ணத்திற் சவர்க்காரத்தைக் கரைத்துத் தரும்படி கேட்டார். விடுதி மாணவன் ஒருவன் கரைத்துக் கொடுக்க, ஒவ்வொரு மூட்டிலும் தூரிகையால் தடவினார். கசிவிருந்தால் அங்கே நுரை குமிழியிடும் என்று அவனுக்கு விளக்கினார். முதல் மூட்டிலே குமிழி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது மூட்டிலே ஒரு சிறு குமிழி எழுந்து பெருத்தது.

அது புதிய மூட்டன்று. ஆண்டுக்கணக்காக நாம் நம்பியிருந்த பழைய மூட்டு. எழுபது பிள்ளைகள் உண்டுறங்கும் விடுதியிலே அது எத்தனை நாளாகக் கசிந்ததோ! அமெரிக்க அடுப்பு வந்திராவிட்டால், அதனை ஒருவரும் பார்த்திருக்கமாட்டோம். பெரியவர் ஒன்றும் பேசாமல் அதனைக் கழற்றிச் சீர்செய்தார். அன்றுதொட்டு ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை சவர்க்கார நீரால் எல்லா மூட்டுகளையும் சோதித்தல் எமது விடுதியின் ஒழுங்குகளுள் ஒன்றாயிற்று. அன்று கிண்ணத்தோடு நின்ற மாணவனே அப்பொறுப்பை முதலில் ஏற்றான்.

தைப்பொங்கலன்று அந்த அடுப்பிலே பால் பொங்கி வழிந்தது. அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் வாழ்த்துச் சொன்ன பழைய மாணவருக்குப் பித்தளைத் துண்டின் கதையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “ஐயா, என் வீட்டு மூட்டுகளையும் இன்றைக்கே சவர்க்காரம் தடவிப் பார்க்கிறேன்,” என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டுச் சமையலறையிலும் ஒரு மூட்டு உண்டு. இன்று இரவு அடுப்பை அணைத்து, எங்கும் சுடரில்லாதபோது, ஒரு கிண்ணத்திற் சிறிது சவர்க்கார நீர் எடுத்து அதிலே தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் சிலிண்டரின் வாயை மூடி, கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு, தெரிந்தவரை அழையுங்கள்.